துறைமுகம் மூடிய நாள்

இன்று புந்தா அரேனாஸில் காற்று
மணிக்கு நூற்றுப்பத்து.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
போர்வெனிருக்குப் படகு இல்லை.
கப்பல் கயிறு இழுக்கும் கைகளுக்கு விடுமுறை என்று நினைத்தேன்.
விடுமுறையா!

யஸ்னா ஐந்து மணிக்கே நண்டு ஆலைக்குக் கிளம்பினாள்.
கதவைத் திறக்குமுன் கடகடவென்று சொன்னது:
"மஞ்சள் டப்பாவில் பூசணி மசியல்.
வெள்ளைச் சட்டை போடாதே.
ரப்பர் கரண்டி வேண்டாம், எவர்சில்வர்."
கதவு அவளுக்குப் பின்னால் தானே அறைந்துகொண்டது.

வெள்ளைதான் போட்டேன்.

ஏழு மாதக்காரி அயெலெனைச் சமாளிக்க
ஒரு கை அவளைப் பிடிக்க
ஒரு கை அவள் பிடித்ததைப் பிடுங்க
ஒரு கை தேநீருக்கு.
மூன்றாவது கை முளைக்காததால்
தேநீர் மூன்று தடவை ஆறிப்போனது.

கொடியில் ஆறு காலுறை போட்டேன்.
எடுக்கப் போனால் ஐந்து.
ஆறாவது இந்நேரம் நீரிணையைத் தாண்டியிருக்கும்,
பயணச்சீட்டு இல்லாமல்.

பதினொரு மணிக்குப் பூசணி.
முதல் கரண்டி என் சட்டைக்கு.
அடுத்தது அவள் புருவத்துக்கு.
அதற்கடுத்தது உள்ளே போய்
வெளியே வரும்போது
டிங்.

தகரக் கூரையில் ஏதோ விழுந்ததென்று
மேலே பார்த்தேன்.
மறுபடி கரண்டி. மறுபடி
டிங்.

கையைக் கழுவிக்கொண்டு
கீழ் ஈறை விரலால் தடவினேன்.
உப்புக்கல் அளவுகூட இல்லை. ஆனால் கூர்.
யாரிடமும் கேட்காமல் வந்து
நின்ற இடத்தை விட்டு நகராத கூர்.

சுவரைத் தட்டி
பக்கத்து வீட்டு ஓஸ்வால்தோவிடம் கத்தினேன்: பல்!
"கடிக்குமா?"
"கடித்தாயிற்று!"

போனில் படம் எடுத்தேன். ஈரமான உதடுதான் விழுந்தது.
"பல்" என்று அடித்தேன்.
அனுப்புமுன் நின்றேன்.

அயெலென் குப்புற விழுந்தது என் கண்முன்.
சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தது என் அக்காவின் கண்முன்.
யஸ்னாவுக்கு எல்லாமே
சாப்பாட்டு இடைவேளையில்,
கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்த
உள்ளங்கை அகலத் திரையில்.
இந்த ஒன்றாவது அவளுக்குக் கிடைக்கட்டும்.
அழித்தேன்.
மறுபடி சுவரைத் தட்டினேன்:
ஓஸ்வால்தோ, உங்களுக்கு ஒன்றும் தெரியாது.
"எனக்கு எப்போது என்ன தெரிந்தது?" என்றார்.

ஆறரைக்கு வந்தாள்.
கதவை மூட இரண்டு பேர் வேண்டியிருந்தது.
வழக்கம்போல் பாதி எலுமிச்சையை
விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து
நண்டு வாடையைப் போக்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள்.
எலுமிச்சை மணந்தால் போதும், அயெலென் துள்ளுவாள்.
அவளுக்கு அம்மா என்றால் அந்த மணம்.

நான் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன்:
கொஞ்சம் பூசணி மிச்சமிருக்கிறது, நீ ஊட்டேன்.

டிங்.

"ஐயோ! பல்! இங்கே வா, பாரேன்!"
ஓடினேன். வாயைப் பிளந்தேன்.
எங்கே எங்கே என்றேன்.
என் நடிப்பு எனக்கே கூசியது.
அவள் அழுதாள், சிரித்தாள்,
என் வெள்ளைச் சட்டையில் முகம் துடைத்தாள்,
ஏற்கெனவே அது வெள்ளை இல்லை.

பத்து மணிக்கும் இங்கே வெயில் போகாது.
திரைச்சீலையில் துணிக் கிளிப்புகளை மாட்டி
அறைக்குள் ஓர் இரவைச் செய்து
பிள்ளையைத் தூங்கவைத்தோம்.

பல் தேய்க்கப் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் களிம்புக் குழாய்,
பால் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரங்களில்
வலிக்கு வலி அவள் தடவியது.
மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை.
இப்போது நடுவில் நசுங்கி, மூடி திறந்து கிடந்தது.
விளிம்பில் இருந்த களிம்பு
காய்ந்து மூன்று நாளாவது இருக்கும்.

விடிகாலை நாலு மணிக்குப் பால் கொடுப்பவளுக்கா தெரியாது?

தொட்டியில் கழுவாத எவர்சில்வர் கரண்டி.
அதைக் கழுவி, துடைத்து, வைத்தேன்.

படுக்கையில் அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:
"நாளைக்கும் துறைமுகம் மூடியிருக்குமா?"
தெரியவில்லை என்றேன்.

சுவரில் டொக் டொக்.
"என்னவாம் ஓஸ்வால்தோவுக்கு?"
அவர் இல்லை, என்றேன்.
காற்று.